விமான நிலையம் இல்லாத மாவட்டத்தில் விமானம் பார்ப்பது

ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி செல்போனோடு வந்து நின்றார். மகன் மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறியிருந்தான். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைப் போன தடவை லீவில் வந்தபோது அவனேதான் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். "மக்களே, இவ்வளவு நேரம் மஞ்சளா ஒண்ணு ஊர்ந்துகிட்டு இருந்துது. இப்போ பிளேனக் காணல்ல" என்றார். குரல் நடுங்கியது.

"ஒண்ணும் ஆகல சித்தி. நடுக்கடல்ல கேக்க ஆளில்ல, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல கோவா பக்கம் வந்து தெரியும்" என்றேன். அவர் நம்பவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். புள்ளி திரும்ப முளைத்த பிறகுதான் எழுந்து போனார்.

கேட்க ஆளில்லை என்று நான் சொன்னது சமாதானப் பேச்சு அல்ல, நடப்பதே அதுதான். அந்தச் செயலிகளில் ஊரும் விமானங்களை ஏதோ ரேடாரோ செயற்கைக்கோளோ பார்த்துச் சொல்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பகுதி யாரோ ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடியில் கட்டி வைத்த ஒரு சாண் ஆன்டெனாவிலிருந்து வருகிறது. எங்கள் பக்கத்தில் மொட்டைமாடியை மட்டுப்பா என்போம். என் வீட்டு மட்டுப்பாவிலும் ஒன்று நிற்கிறது.

விஷயம் இவ்வளவுதான். இன்றைய பயணிகள் விமானங்களில் ஏடிஎஸ்-பி என்றொரு ஏற்பாடு உண்டு. ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தை விமானமே தெரிந்துகொள்கிறது. அந்த இடம், உயரம், வேகம், பயண எண், விமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட 24 பிட் அடையாள எண் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் கூவிக்கொண்டே போகிறது. இருக்கும் இடத்தை மட்டும் ஒரு விநாடிக்கு இரண்டு தடவை சொல்லும். யாரும் கேட்டுச் சொல்வதில்லை, பூட்டுப் போட்டும் சொல்வதில்லை. கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதுபோல, காது இருப்பவர் கேட்கலாம். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் அருகில் பறக்கும் விமானங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மொட்டைமாடிக்காரர்கள் ஓசியில் ஒட்டிக்கொண்டவர்கள்.

இதை ஊர்கூடித் தேர் இழுக்கும் வேலையாக மாற்றியது ஸ்வீடனின் ஃபிளைட்ரேடார்24. விமானப் பைத்தியம் பிடித்த இருவர் 2006-இல் பொழுதுபோக்காகத் தொடங்கினார்கள். 2009-இல், கருவி வைத்திருக்கும் எவரும் தகவல் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வழி முடங்கியபோது உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. தமிழ்நாட்டுக்கு அப்படியொரு நாள் 2024 அக்டோபர் 11. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது. 141 பேரோடு அது பத்திரமாக இறங்கும்வரை பலரும் போனில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் இந்தச் செயலியைப் பற்றிக் கேள்விப்படாத சொந்தக்காரர்கள் மறுநாள் என்னிடம் அதன் பெயரைக் கேட்டார்கள்.

சரி, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே விமான நிலையம் கிடையாது. கிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம், மேற்கே திருவனந்தபுரம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் விமானம் பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல இடம் சுலபத்தில் அமையாது. காரணம் கடல்.

இந்த அலைவரிசையில் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் விமானம் அடிவானத்துக்குக் கீழே போனதும் சத்தம் நின்றுவிடும். ஆக, எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை விமானத்தின் உயரம்தான் தீர்மானிக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு இது சுமார் 425 கிலோமீட்டர். குமரி முனையை நடுவில் வைத்து அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வடக்கே கொச்சியைத் தாண்டும். கிழக்கே கொழும்பு உள்ளே விழும். தென்மேற்கே மாலத்தீவுக்குப் பாதி வழிக்கு மேல் போகும். தெற்கே தடுக்க ஒன்றுமே இல்லை.

இந்தக் கணக்கைத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலி செட்டும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஐந்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டிய இரண்டு படகுகள் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனாலே பேச்சு மங்கத் தொடங்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி எட்டாமல் போனதற்குப் பின்னால் இந்த அடிவானமும் இருந்தது. விமானம் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் தப்பிக்கிறது, படகுக்கு அந்த வசதி இல்லை. இப்போது இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்துகிறார்கள்.

சித்தியின் புள்ளி ஏன் மறைந்தது என்பதற்கும் இதுவே விடை. ஓமன் கரையில் இருக்கும் ஆன்டெனாக்கள் நானூறு கிலோமீட்டர் வரை கேட்கும். அதைத் தாண்டியதும், இந்தியக் கரையில் இருப்பவர்களின் வட்டத்துக்குள் வரும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானம் கடலிடம் மட்டும் பேசிக்கொண்டு வருகிறது. செயற்கைக்கோள் வழியாக இதே கூவலைப் பிடிக்கும் ஏரியான் என்ற சேவை 2019 முதல் இயங்குகிறது. மலேசியாவின் எம்எச்370 காணாமல் போன 2014-க்குப் பிறகு, கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களைக் கண்காணிப்பது பற்றிய பேச்சு சூடுபிடித்ததும் இதற்கு ஒரு தூண்டுதல். செயலியில் மஞ்சளுக்குப் பதில் நீலமாக ஒரு விமானம் தெரிந்தால் அது செயற்கைக்கோள் பிடித்தது.

கொழும்புக்கு இறங்கும் விமானங்கள் என் திரையில் 15,000 அடி வாக்கில் மறைந்துவிடும். முதல் வாரம் எனக்கே பகீரென்றது. அடிவானக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தத் தூரத்துக்குச் சரியாக அந்த உயரம்தான் வருகிறது.

வடக்குதான் எங்களுக்குப் பிரச்சினை. நாகர்கோவிலிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் மகேந்திரகிரி, 1,600 மீட்டருக்கும் மேல் நிமிர்ந்து நிற்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானம் இங்கிருந்து பார்த்தால் அந்த மலையின் தலைக்கும் கீழேதான் இருக்கும். அதனால் மதுரை வானம் எனக்குப் பாதி இல்லை. ஒரு மாதம் சேர்த்த பதிவுகளைப் படமாகப் போட்டால் தெற்கே முழு வட்டம், வடக்கே குழந்தை கடித்துவிட்டுப் போன தோசை.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் கணினியில் டிவி பார்ப்பதற்காகச் செய்த விரல் நீள யுஎஸ்பி டாங்கிள் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு. அதை ஏமாற்றி வேறு பல அலைவரிசைகளையும் அப்படியே வெளியே எடுக்கலாம் என்று 2012 வாக்கில் தெரியவந்தது. பல்லாயிரம் ரூபாய்க் கருவி செய்த வேலை சில ஆயிரத்துக்கு இறங்கியது. விமானக் கூவலைப் பிரித்து எழுதும் டம்ப்1090 என்ற இலவச நிரலைச் செய்தவர் இத்தாலியின் சால்வடோரே சான்ஃபிலிப்போ, ரெடிஸ் தரவுத்தளத்தையும் எழுதியவர் அவரே. இவற்றோடு ஒரு ராஸ்பெர்ரி பை கணினி இருந்தால் போதும்.

ஆன்டெனாவைக் கடையில் வாங்க வேண்டுமென்று இல்லை. 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 6.9 சென்டிமீட்டர் செப்புக்கம்பி நிமிர்ந்து நின்றால் ஆன்டெனா. கேபிள் டிவிக்காரர் மிச்சம் வைத்துப்போன வயரின் நுனியைச் சீவித்தான் நான் முதல் ஆன்டெனா செய்தேன். எங்கள் ஊரில் இதற்கு எதிரிகள் இரண்டு. ஒன்று தென்னை. ஈரம் கொண்ட ஓலை இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும், மழை பெய்த மறுநாள் கிழக்கே தோப்புப் பக்கம் எண்ணிக்கை குறையும். இன்னொன்று உப்புக்காற்று. இணைப்பில் டேப் சுற்றினால் போதும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். ஆடி மாதம் முடிவதற்குள் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்து, நானூறு கிலோமீட்டர் அறுபதாகச் சுருங்கிவிட்டது. டாங்கிள் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கின பிறகுதான் காரணம் தெரிந்தது. ஐப்பசி இடியின்போது வயரைப் பிடுங்கிவிடவும் வேண்டும்.

திரையில் என்ன தெரிகிறது? முதலில் வெறும் எண்கள். நாலு நாள் பார்த்தால் ஒழுங்கு பிடிபடும். இந்தியாவில் பதிவான விமானங்களின் அடையாள எண் 8-இல் தொடங்கும். வளைகுடாவிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதை குமரிக்குப் பக்கத்தில் கடலைக் கடக்கிறது. சென்னைக்கும் மாலேக்கும் இடையே பறப்பவை குறுக்கே வெட்டுகின்றன. இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாண்டுகின்றன என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி. கிழக்குத் திசைப் பாதிக்குள் போகிறவர்களுக்கு 33, 35, 37 ஆயிரம் அடி என்று ஒற்றைப்படை. மேற்குத் திசைப் பாதிக்குள் போகிறவர்களுக்கு 34, 36, 38 என்று இரட்டைப்படை. நடுவே ஆயிரம் அடி. அந்த உயரங்களில் முன்பு இரண்டாயிரம் அடி இடைவெளி விட்டார்கள். கருவிகளின் துல்லியம் கூடியதால் 2003 நவம்பரில் இந்தியா ஆயிரத்துக்கு மாறியது. உயரத்தை மட்டும் சொல்லுங்கள், விமானம் வருகிறதா திரும்புகிறதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ராணுவ விமானங்கள் பொதுவாக வாயைத் திறப்பதில்லை. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் வந்திறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35 போர் விமானம் கோளாறாகி ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. அந்த ஐந்து வாரமும் உலகத்திலேயே ரொம்பச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய ரகசிய விமானம் அதுதான்.

பார்ப்பது ஒரு பக்கம். கேட்பது வேறு ருசி.

விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பேசுவதும் விஎச்எஃப்பில்தான், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. எஃப்எம் ரேடியோ முடியும் 108-க்குச் சற்று மேலே. ஆனால் இங்கே எஃப்எம் கிடையாது, பழைய ஏஎம் முறைதான். ஏன் இன்னும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நானும் கேட்டவன்தான். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும், இரண்டாமவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். என்ன சொன்னார்கள் என்பது போய்விடும், ஆனால் யாரோ ஒருவரைக் கேட்காமல் விட்டோம் என்பது தெரியும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்பு காக்பிட்டில் கேட்டது அந்தக் கீச்சுதான். தெரிந்தும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

நாகர்கோவிலில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சில் பாதிதான் கிடைக்கும். திருவனந்தபுரம் நிலையம் நேர்கோட்டில் அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் தரையோடு ஒட்டியது, அடிவானத்துக்கு அந்தப் பக்கம் அமிழ்ந்துவிடுகிறது. மேலே பறக்கும் விமானி மட்டும் பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்பார். பஸ்ஸில் ஒருவர் போனில் பேசும்போது மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிப்போமே, அதே கதை.

ஆனால் இங்கே ஊகிக்கவே வேண்டாம். கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. "டிசென்டிங் ஃபிளைட் லெவல் ஒன் டூ ஜீரோ, எக்ஸ்பிரஸ் இந்தியா" என்று ஒரு குரல் கேட்டால், பன்னிரண்டாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு உத்தரவு போயிருக்கிறது என்று பொருள். இண்டிகோவை ஐஃபிளை என்றும் பிரிட்டிஷ் ஏர்வேஸை ஸ்பீட்பேர்ட் என்றும் அழைப்பார்கள். ஒன்பதை நைனர் என்பார்கள், ஐந்தை ஃபைஃப். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோல ஒலிக்கும் என்பதற்காக வைத்தது. முதலில் வெள்ளம்போலப் போகும். இரண்டு வாரத்தில் காது பழகிவிடும், ஏனென்றால் சொல்வதற்கு மொத்தமே நாற்பது ஐம்பது வாக்கியங்கள்தான்.

திருப்பிச் சொல்வதைச் சடங்கு என்று நினைக்கிறவர்களுக்கு 1996 நவம்பர் 12-ஐ நினைவுபடுத்தலாம். ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிவந்த சவூதி விமானம் 14,000 அடியில் இருந்தது. இறங்கிவந்த கசகஸ்தான் விமானம் 15,000-இல் நிற்க வேண்டும். அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. எதிரே வரும் விமானத்தைத் தானே கண்டு எச்சரிக்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான். விமானிகளின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் உலக விதிக்கும் இந்த மாதிரி விபத்துகளே காரணம். சலிப்பூட்டும் அந்தக் கிளிப்பிள்ளைப் பேச்சு எனக்கு இப்போது சலிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. விமான அலைவரிசையில் ஒரு சொல் பேசினாலும் அது விளையாட்டல்ல, குற்றம். இந்தப் பக்கம் ஆசை இருப்பவர்கள் முதலில் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கான ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்குவது நல்லது. அதிலும் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அனுபவப்பட்ட ஹாம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸப்பில் சுற்றவிடும் வேலை வேண்டவே வேண்டாம். 7700 என்ற அவசரக் குறியீடு திரையில் தெரிந்தவுடன் "விமானம் விழப்போகிறது" என்று பரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலும் அதே எண்ணைத்தான் போடுவார்கள்.

விஎச்எஃப் எட்டாத நடுக்கடலில் விமானம் யாரோடு பேசும்? குறுஞ்செய்தி போன்ற டேட்டா இணைப்பு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் பழைய சிற்றலைதான். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்புவதால் அடிவானம் அதைத் தடுக்காது. அந்த இரைச்சலை விமானி மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், தனக்கென்று ஒதுக்கிய நாலெழுத்து ஒலிக்குறி வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்திருப்பார்கள். 6676, 11387 கிலோஹெர்ட்ஸில் ஆசிய விமான நிலையங்களின் வானிலையை நேரம் வைத்து வாசிப்பார்கள், காற்று, மேகம், பார்வைத் தூரம் என்று வெறும் எண்களாக. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த என் அப்பா அதை ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்போ போடுவான்?" என்றார்.

அப்புறம் மேற்குக் கடற்கரை. திருவனந்தபுரத்தின் ஓடுபாதை வடமேற்கு, தென்கிழக்காகக் கிடக்கிறது. 32 என்ற முனையில் இறங்க வருகிறவர்கள் தென்கிழக்கிலிருந்து வருவார்கள். அந்தக் கோட்டை நீட்டினால் விழிஞ்ஞம், பூவாறு தாண்டி நம் நீரோடிக்கும் கொல்லங்கோட்டுக்கும் மேலே வந்து கடலில் இறங்கும். விமான நிலையம் இல்லாத மாவட்டத்தின் வாசல் வழியாகத்தான் பக்கத்து ஊர் விமானங்கள் வீடு திரும்புகின்றன. சாயங்காலம் நீரோடிக் கரையில் நின்றால் சக்கரத்தை இறக்கத் தயாராகும் விமானங்களை ஆன்டெனா இல்லாமலே பார்க்கலாம்.

வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் அந்தக் கோடு காலியாகக் கிடக்கும். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் சுவாமி கடலில் நீராடப் போகும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் போகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தவர் உடைவாளோடு முன்னே நடப்பார். சுமார் ஐந்து மணி நேரம் விமானம் எதுவும் ஏறாது, இறங்காது. விமானிகளுக்கான முன்னறிவிப்பு முன்னதாகவே உலகமெங்கும் போய்விடும். 1956-இல் தமிழகத்தோடு சேரும்வரை நாங்களும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் என்பதால் ஊரில் பெரியவர்கள் இதை ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. போன பங்குனி ஆறாட்டன்று திரையைத் திறந்து வைத்திருந்தேன். கொழும்புக்காரர்கள் வழக்கம்போல 35,000 அடியில் போய்க்கொண்டிருந்தார்கள். நீரோடிக்கு மேலே ஒன்றுமில்லை. ராத்திரி ஒன்பது தாண்டி, கடல் பக்கமிருந்து முதல் புள்ளி திரும்பி மெல்ல இறங்கத் தொடங்கியது.